சுருள் இறகுக் கோழியும் பெட்டையின் மேல் விழுந்த பழியும்



சுங்கை ரம்பாயில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கம்பத்துக் கோழிகள் சில வளர்க்கின்றேன். இறகுகள் வெளிப்புறமாகச் சுருண்ட சேவலையும் அதனுடன் பொரித்த அதே வகைப் பெட்டையையும் அழகுக்காக இணை சேர்த்தேன். பொரித்த 11 குஞ்சுகளில் மூன்று, வளர வளர இறகு ஒடிந்து ஏறக்குறைய வெறுந்தோலாக நின்றன. பேனும் இல்லை, கொத்தலும் இல்லை. "பெட்டையின் ராசி சரியில்லை, அறுத்துவிடுங்கள் ஐயா" என்றார் அண்டை வீட்டுப் பாட்டி. கத்தியைத் தேடாமல் நூல்களைத் தேடினேன்.

மலாய்க்காரர்கள் 'அயாம் பூலு பாலிக்' என்றழைக்கும் இவ்வகை பழமையானது. இந்தியாவில் இஃது அரிதன்று என்று டார்வின் 1868இல் எழுதியுள்ளார். ஆனால், இயல்பு எவ்வாறு வழிவழியாகக் கடக்கின்றது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அதற்கான விடையை மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு 1866இலேயே அச்சிட்டிருந்தார். இரண்டே ஆண்டு இடைவெளி! உலகம் அதனைக் கண்டுகொண்டது 1900இல். மெண்டலின் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை பேட்சன் 1902இல் கோழிகளைக் கொண்டே காட்டினார்.

சுருள் இறகின் புதிர் 1930இல் அவிழ்ந்தது. அமெரிக்காவில் லாண்டவர், டன் ஆகிய இருவர் குஞ்சுகளை வகை பிரித்து எண்ணிக் கணக்கிட்டனர். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அம்மரபணு வந்தால் இறகு சுருளும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் இறகு மிகையாக வளைந்து ஒடியும். இரண்டு சுருள் கோழிகளை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு அவ்வாறு பிறக்கும். ஆகவே, என் மூன்று குஞ்சுகளின் நிலைக்குச் சேவலும் சரிபாதிக் காரணம். குறை என்றதும் தாயையே சுட்டும் பழக்கம் கோழிக்கூட்டையும் விடவில்லை போலும்! இணை சேர்த்தவனோ நான்.

இறகின் நடுத்தண்டிலுள்ள கெரட்டின் புரதத்தின் மரபணு ஒன்றில் சிறு பகுதி விடுபட்டிருப்பதே மூலக்காரணம் என்று 2012இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வெறுந்தோல் கோழி உடற்சூட்டை விரைவில் இழக்கும். எனவே, மழைக்காலம் முழுதும் அம்மூன்றையும் விளக்கின் கீழ் வைத்திருந்தேன். ஒன்று இறந்தது.

இப்போது அச்சேவலை நேர் இறகுப் பெட்டையுடன் இணைத்துள்ளேன். குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சுருளும், எதுவும் வெறுந்தோலாகாது. பழி சுமந்த பெட்டை இன்னொரு கூட்டில் அடைகாத்துக் கொண்டிருக்கின்றது. பாட்டி நாள்தோறும் வந்து எட்டிப் பார்த்துச் செல்கின்றார்.