தள்ளுவண்டியில் விற்ற குற்றப்பத்திரிகை

பத்திரிகை அலுவலகத்திலேயே ஆயுளைக் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, ‘கில்டி மென்’ (குற்றவாளிகள்) என்ற நூல் மீது எனக்குத் தனிப் பிரியம்.

1940 ஜூன் தொடக்கம். பிரான்சின் டன்கர்க்கில் ஜெர்மன் படையிடம் சிக்கியிருந்த 3,38,000 நேச நாட்டு வீரர்களைக் கப்பல்களிலும் படகுகளிலும் மீட்டுவிட்டார்கள். பீரங்கிகளும் லாரிகளும் பிரான்சிலேயே கிடந்தன. லண்டனில் மைக்கேல் ஃபுட், ஃபிராங்க் ஓவன், பீட்டர் ஹோவர்ட் என்ற மூன்று பத்திரிகையாளர்கள் நான்கே நாளில் அந்த நூலை எழுதி முடித்தார்கள். அட்டையில் ‘கேட்டோ’ என்ற புனைபெயர். வெளியிட்டவர் விக்டர் கொலான்ஸ்.

நாடகப் புத்தகத்தில் பாத்திரங்களை அடுக்குவதுபோல, முதலிலேயே 15 பேரின் பெயர்ப்பட்டியல். முன்னாள் பிரதமர்கள் சேம்பர்லெய்ன், பால்ட்வின், வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ்... பிரிட்டனை ஆயுதமில்லாமல் நிறுத்தியவர்கள் இவர்கள்தான் என்று விரல் நீட்டியது நூல். என்னை அதிரவைத்த பெயர் தாமஸ் இன்ஸ்கிப். ஹிட்லர் படை பெருக்கிக்கொண்டிருந்த 1936இல், பாதுகாப்பு ஒருங்கிணைப்பு அமைச்சர் பதவியை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறார்கள்!

பட்டியலில் இருந்த சிலர் அப்போதும் அமைச்சரவையில் இருந்தார்கள். டபிள்யூ. எச். ஸ்மித் புத்தகக் கடைகள் நூலை விற்க மறுத்தன. ஜூலையில் அது லண்டன் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்றது. இரண்டு லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

கோபம் நியாயமானது. கணக்கு முழுமையானதல்ல. மூவருக்கும் சம்பளம் கொடுத்த பத்திரிகை அதிபர் பீவர்புரூக்கின் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’, போர் வராது என்று 1939 வரை வாசகர்களுக்கு உறுதி சொன்ன ஏடு. 1939 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்து வாக்களித்தது தொழிற்கட்சி. அந்த 15 பெயர்களில் பீவர்புரூக்கும் இல்லை, தொழிற்கட்சியை அப்போது வழிநடத்திய அட்லியும் இல்லை.