ஏழாம் வருடத்துப் பூ

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் எட்டுச் சாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. ஏழு காய்க்கும். ஓடைப் பக்கம் நிற்கும் எட்டாவது மரம் 1979ஆம் ஆண்டிலிருந்து தவறாமல் பூக்கிறது, ஒரு காய்கூடத் தந்ததில்லை. இலங்கையில் மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள உக்குவளையில் வீடு வீடாகக் காய் எடுக்க வரும் வியாபாரிகள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "டீச்சர், இதை ஏன் இன்னும் வெட்டாம வச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல வேண்டுமானால் பண்டாத் தீவுகளில் தொடங்க வேண்டும். இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு தீவுக்கூட்டம்தான் சாதிக்காயின் தாய்வீடு. 1621இல் யான் பீட்டர்சூன் கோன் என்ற ஒல்லாந்த ஆளுநர் அந்தத் தீவு மக்களில் பெரும்பாலானோரைக் கொன்றும் விரட்டியும் அடிமைப்படுத்தியும் தோப்புகளைக் கைப்பற்றினான். அங்கே ரன் என்றொரு தீவுக்கு ஆங்கிலேயர் உரிமை கோரியிருந்தார்கள். 1667இல் பிரேடா ஒப்பந்தத்தில் அதை ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதே ஒப்பந்தத்தில் மன்ஹட்டன் ஆங்கிலேயர் பக்கம் போனது. காய் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று ஒல்லாந்தர் அதைச் சுண்ணாம்பில் தோய்த்துத்தான் கப்பலேற்றினார்கள்.

சுண்ணாம்பைவிட வலிய பூட்டு மரத்துக்குள்ளேயே இருந்தது. சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டால் ஏறக்குறையப் பாதி ஆணாக வரும். எது எது என்பது பூக்கும்வரை தெரியாது, பூக்க ஆறேழு வருடமாவது ஆகும். ஒற்றைக் கன்றைத் திருடிக்கொண்டு போனவன் ஏழு வருடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வெறும் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடும். 1770இல் பியர் புவாவ்ர் ஏற்பாடு செய்த பயணத்தில் பிரெஞ்சுக்காரர் கன்றுகளையும் காய்களையும் மொரீசியசுக்குக் கடத்தினார்கள். 1796இல் பண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர், கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளரை அனுப்பி ஆயிரக்கணக்கில் கன்றுகளைத் திரட்டிப் பினாங்குக்கும் மற்ற இடங்களுக்கும் ஏற்றினார்கள். இலங்கைக்குச் சாதிக்காய் வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

மாத்தளைப் பக்கம் முதலில் கோப்பிதான் ராஜா. 1869இல் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி படுத்துவிட்டது. 1880இல் கண்டியிலிருந்து உக்குவளை வழியாக மாத்தளைக்கு ரயில் வந்தபோது துரைமார் கொக்கோவுக்கும் தேயிலைக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். கொக்கோவுக்கு நடுவிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று கலந்து நின்றன. என் தாத்தா அப்படியொரு கலப்புத் தோட்டத்தில் காவல்காரர். அப்பாவின் அக்கா, என் அத்தை, அங்கே காய் பொறுக்கினார்.

காய் பொறுக்குவது பெண்கள் வேலை. பழம் இரண்டாகப் பிளந்து, கருப்புக் கொட்டைமேல் ரத்தச் சிவப்பில் வலை போட்டதுபோல் வசுவாசி தெரியும். அதை ஒரு கீறல் படாமல் கழற்றிப் பாயில் பரப்ப வேண்டும். உடைந்த வசுவாசிக்கு விலை இல்லை. கொட்டையைத் தனியாக வெயிலில் போட்டு, ஓட்டுக்குள் பருப்பு கலகலக்கும்வரை காயவிட வேண்டும். அந்தப் பெண்கள் நாள் முழுக்க மரத்தடியிலேயே கிடந்தார்கள். எந்த மரம் எப்படி என்பது துரையின் புத்தகத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா குடியுரிமை கிடைத்தபின் இந்தக் கால் ஏக்கரை வாங்கி, 1972இல் பதினாறு கன்று நட்டார். கூரான இலை ஆண், அகன்ற இலை பெண் என்று ஆளுக்கொரு சாத்திரம் சொன்னார்கள். ஆராய்ச்சிக்காரர்களும் இலையின் வடிவத்தையும் அதிலுள்ள படிகங்களையும் வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள், நம்பும்படி எதுவும் அமையவில்லை. ஏழாம் வருடம் பூ வந்தது. அத்தை ஒவ்வொரு மரத்திலும் ஒரு பூவைப் பறித்து, கட்டைவிரல் நகத்தால் நெடுக்காகப் பிளந்து எனக்குக் காட்டினார். இரண்டும் வெண்மஞ்சள் நிறம், கவிழ்த்த குடம் மாதிரி. ஆண் பூ கொஞ்சம் ஒல்லி, கொத்தாக இருக்கும். உள்ளே மகரந்தம் ஒட்டிய ஒரு தண்டு. பெண் பூ ஒன்றிரண்டாகத்தான் வரும். உள்ளே பருத்த சூல், அதன் தலையில் சிறு பிளவு. கணக்குப் பார்த்தால் ஒன்பது ஆண், ஏழு பெண்.

அடுத்த வீட்டு பண்டா மாமா எட்டிப் பார்த்து "பிரிமி கஹ", ஆண் மரம், என்று சிங்களத்தில் சொல்லித் தலையை ஆட்டினார். நம் ஆட்கள் அவ்வளவு நாகரிகமாகச் சொல்லவில்லை. மலட்டு மரம் என்றார்கள். அப்பா கோடாலியைத் தீட்டினார். எட்டு மரம் விழுந்தபின் அத்தை ஒன்பதாவதன் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, எல்லாத்தையும் வெட்டிப்புட்டா பெறவு பூவு எதை நம்பி நிக்கும்? ஒண்ணை விடு."

பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் என்பது ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தார் சொல்லும் கணக்கு. அத்தை எந்தத் துண்டுப் பிரசுரமும் படித்ததில்லை.

அத்தையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நாலரை அடி உயரம்கூட இல்லை. அவருக்குச் சடங்கு சுற்றவில்லை, சுற்றும்படி எதுவும் நடக்கவில்லை. தோட்டத்து லயக் குடியிருப்பில் அதற்கு இருசி என்று ஒரு சொல் இருந்தது. சண்டை வந்தால் மலட்டு மரம் என்பார்கள். கேட்டு வந்தவர் யாருமில்லை.

பின்னாளில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் வகுப்புக்கு உயிரியல் கற்பித்தபோது, கரும்பலகையில் எண்களை எழுதும் ஒவ்வொரு வருடமும் அவர் நினைவு வந்தது. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் என்று 1956இல்தான் சரியாக எண்ணினார்கள். மூன்றே ஆண்டில், 1959இல், இரண்டு செய்திகள் வந்தன. வளராத, பூப்படையாத பெண்களில் சிலருக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் குறைந்து 45 இருக்கிறது. டர்னர் நிலை என்பது அது. ஆண்களில் சிலருக்கு எக்ஸ் ஒன்று கூடி, எக்ஸ் எக்ஸ் வை என்று 47 இருக்கிறது. கிளைன்பெல்டர் நிலை. டர்னர் ஏறக்குறைய 2,500 பெண் குழந்தைகளுக்கு ஒன்று. அத்தைக்கு அப்படி இருந்திருக்கலாம். யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. 2004இல் போய்விட்டார்.

எக்ஸ், வை என்பதையே உலகம் கண்டது 1905இல், ஒரு மாவு வண்டின் உயிரணுவில். கண்டவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண். ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்பது தகப்பனின் விந்தில் இருக்கிறது என்று அதன்பின் தெரிந்தது. ஆனால் எல்லா உயிருக்கும் இதே கணக்கு இல்லை. பழ ஈயில் எக்ஸ் எக்ஸ் வை வந்தால் பெண், ஒற்றை எக்ஸ் வந்தால் ஆண். நமக்கு நேர் எதிர். எங்கள் கூட்டுக் கோழியில் குஞ்சு சேவலா பேடா என்பதைத் தீர்மானிப்பது தாய்க்கோழி. மரப்பொந்துத் தேனீயில் ஆணுக்குத் தகப்பனே கிடையாது, கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது. கொஸ்கொடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது பார்த்த கடலாமைக்கு மணலின் சூடுதான் எல்லாம். சூடு கூடினால் பெண். குசினிக்குப் பின்னால் நிற்கும் பப்பாசியில் ஆண், பெண் போக இரண்டும் சேர்ந்த மூன்றாவது வகையும் உண்டு, கடைக்கு வரும் நீளப் பழம் அதனுடையது. சாதிக்காயிலும் ஆணாகப் பூத்த சில மரங்கள் வயதானபின் நாலு காய் காய்ப்பதைத் தோட்டக்காரர் கண்டிருக்கிறார்கள். இத்தனை வழியையும் பார்த்தபின், பூக்காததையும் காய்க்காததையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்ட எங்கள் லயத்துப் பேச்சுத்தான் எனக்குக் குறையாகத் தெரிந்தது.

இப்போது யாரும் ஏழு வருடம் காத்திருப்பதில்லை. பெண் மரத்தின் நுனிக் குருத்தை நாற்றில் ஒட்டிவிடுகிறார்கள். நேராக மேலே போகும் குருத்தாகப் பார்த்து எடுக்க வேண்டும், பக்கக் கிளையில் எடுத்தால் மரம் உயராமல் புதராகப் படரும். போன மாதம் தம்பி மகன் மூன்று ஒட்டுக்கன்று வாங்கி வந்தான். மூன்றும் பெண் என்று நாற்றுக்காரர் உறுதி சொன்னாராம். குழி வெட்டி முடித்துக் கையைக் கழுவும்போதுதான் அவனுக்கு யோசனை வந்தது.

"ஆண் கன்றுக்கு எங்க போறது அத்தை?"

ஓடைப் பக்கம் கையைக் காட்டினேன்.