மாசிப் படுகளமும் கோவைக்கு வேண்டிய நினைவு நிலமும்

இறந்தோர்க்கென நிலம் ஒதுக்குவது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. நொய்யலின் வடகரையில் கொடுமணலில் பண்டைய ஊருக்கு அருகிலேயே விரிந்த ஈமக்காடு இருக்கிறது: கல்வட்டங்கள், நெடுங்கற்கள், இடுதுளையுள்ள கல்லறைகள். ஊர் எல்லைகளில் இன்றும் நடுகற்களுக்கு எண்ணெய் பூசி மாலையிடுகிறார்கள். ஆனால், பெருந்துயரைச் சுமக்கும் நிலத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பதை இக்கற்களைவிட எனக்குத் தெளிவாகச் சொல்வது படுகளம்தான்.

அண்ணன் தம்பியரான பொன்னரும் சங்கரும் போரில் வீழ்ந்த கதையை உடுக்கடிப் பாட்டாக இரவிரவாகப் பாடும் ஊர்கள் கொங்கில் பல. 1960களில் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கிய கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் இக்கதையை முழுமையாகப் பதிவு செய்தார். மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவில் அந்த வீழ்ச்சியே படுகளமாக நிகழ்த்தப்படுகிறது. அருள் வந்த ஆண்கள் களத்தில் சாய்கிறார்கள். அசையாமல் கிடப்பவர்கள்மேல் வெள்ளைத் துணி போர்த்தப்படுகிறது. கதை என்று தெரிந்தும் சுற்றி நிற்கும் பெண்கள் மெய்யாகவே அழுகிறார்கள். பிறகு அவர்களின் தங்கை தங்காளின் இடத்தில் நிற்பவர் தீர்த்தம் தெளிக்க, விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுகிறார்கள். துக்கத்துக்கு அங்கே ஒரு நாள் உண்டு, ஒரு தரை உண்டு. அழுபவரின் கைக்கு ஒரு வேலையும் உண்டு.

கோவை நகரின் பெருந்துயரும் ஒரு மாசியில்தான் நிகழ்ந்தது. 1998 பிப்ரவரி 14 அன்று அடுத்தடுத்து வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1997 நவம்பர் இறுதியில், போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் இஸ்லாமியர் 18 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் பிப்ரவரி 14 வந்தால் அஞ்சலிக் கூட்டங்கள் நடக்கின்றன, நகரெங்கும் காவல் கூடுகிறது. ஆனால் அந்த மூன்று மாதங்களின் சாவுகள் எல்லாம் ஒன்றாக நினைக்கப்படுவதில்லை. ஒரு வீட்டின் இழப்பைச் சொல்லும் மேடையில் இன்னொரு வீட்டின் இழப்பு பேசப்படுவதில்லை. துயர் ஆறாமல் இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று நம்புகிறேன்.

நினைவு நிலம் ஒன்று அமைக்க முன்வந்தால் வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் முதற்கேள்வி கல்லோ மரமோ அன்று. பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது என்பதே. மதவாரியாகப் பிரித்தால் கல்லிலும் கலவரம் தொடரும். அகர வரிசை பாதுகாப்பானது, ஆனால் நடந்ததை மறைத்துவிடும். வாஷிங்டனில் 1982இல் எழுப்பிய வியட்நாம் போர் நினைவிடம் இதற்கொரு விடை தந்திருக்கிறது. அதன் வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது மாயா லின் 21 வயது மாணவி. மண்ணுக்குள் இறங்கும் மெருகேற்றிய கருங்கல் சுவரில் பெயர்களை வீழ்ந்த நாள் வரிசையில் பொறிக்கச் செய்தார். இன்று அவை 58,000க்கும் மேல். பதவி, ஊர், இனம் எதற்கும் தனியிடம் இல்லை. வருகிறவர்கள் பெயர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துப் போகிறார்கள். முதலில் கடுமையாக எதிர்க்கப்பட்ட சுவர் அது.

கோவையிலும் நாள் வரிசையே நேர்மையானது. 1997 நவம்பர் 29இல் வீழ்ந்த காவலரிடம் தொடங்கி, அடுத்த நாள்களில் மாண்ட பதினெட்டுப் பேர் வழியாக, பிப்ரவரியின் ஐம்பத்தெட்டு வரை ஒரே வரிசை. தன் வீட்டுப் பெயரைத் தேடி வருகிறவர் மற்ற பெயர்களையும் கடந்தே அதை அடைய வேண்டும். இரு தரப்புக்கும் இது கசக்கும். அந்தக் கசப்பைக் கடக்காமல் எந்த நிலமும் யாரையும் ஆற்றாது.

இடமாக வாலாங்குளத்தின் கரையை முன்மொழிகிறேன். உடல்கள் வந்து சேர்ந்த அரசு மருத்துவமனை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மாலையில் எல்லாத் தெருக்காரர்களும் நடக்க வரும் கரை அது. துக்கத்துக்கென்று தனியாகப் பூட்டி வைத்த பூங்காவைவிட மேல். சுற்றிலும் மதில் வேண்டாம். நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு வேலியாவது கிளுவை. வெட்டிய கிளையான அதன் போத்தை மழைக்காலத்தில் நட்டால் வேர் பிடிக்கும். கோடையில் இலை உதிர்த்துக் காய்ந்ததுபோல் நிற்கும், மழை கண்டதும் தழைக்கும். ஆண்டுதோறும் கவாத்து செய்தால்தான் அடர்ந்து நிற்கும். குடும்பத்துக்கு ஒரு போத்து என நட்டு, மாசியில் அவர்களே வந்து கவாத்து செய்யட்டும். ஒரு வீட்டார் வர இயலாத ஆண்டில் பக்கத்துப் போத்துக்கு உரிய வீட்டார் அதையும் சேர்த்து வெட்டுவார்கள். அந்தப் பக்கத்து வீட்டார் யார் என்பதையும் நாள் வரிசைதான் தீர்மானிக்கும். உள்ளே வேம்பும் வன்னியும் போதும். பளிங்கு மேடை எதுவும் வேண்டாம். மேடை இருந்தால் பேச்சாளர் வந்துவிடுவார்.

நிலம் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெயர்ப் பட்டியலை இப்போதே தொடங்கலாம். ஒவ்வொரு குடும்பத்தின் ஒப்புதலோடும், அவர்கள் எழுத விரும்பும் எழுத்துக்கூட்டலோடும் அது தொகுக்கப்பட வேண்டும். அன்று முப்பது வயதில் கணவரையோ மகனையோ இழந்தவர்களுக்கு இன்று வயது அறுபதை நெருங்குகிறது. அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.