கூடாரவண்டிலும் ஒரு மழை இரவும்

வண்டியிலே வீடமைத்துக்கொண்டு ஊர் செல்வது மேல்நாட்டாரின் கண்டுபிடிப்பு என்று இன்று பலரும் எண்ணுகின்றனர். யாழ்ப்பாணத்துக் கூடாரவண்டிலைக் கண்டவர்கள் அவ்வாறு சொல்லார். 1970களிலும் புரட்டாதி மாதத்தில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்கு நாங்கள் அதிலேதான் சென்றோம்.

சில்லு தச்சனுடைய வேலை. இரும்புப் பட்டத்தைப் பழுக்கக் காய்ச்சி மரச்சில்லின்மேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றும். கூடாரமோ வீட்டு வேலை. கமுகஞ் சலாகைகளை வில்லாக வளைத்துக் கட்டி, மேலே கிடுகு வேய்ந்து, உள்ளே வைக்கோல் பரப்பிப் பாய் விரிப்பார் ஐயா. அடியில் அரிக்கன் லாம்பு தொங்கும். இரண்டு இரவுகளுக்கு அதுவே எங்கள் வீடு.

வெள்ளைக்காரத் துரைமாரும் வண்டிலுக்கு விலக்கல்லர். 1905 சனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பணியேற்க வந்த லெனாட் வுல்ஃப், வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெறாமையால், அனுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை மாட்டு வண்டிலில் தபாற் பைகளின்மேல் படுத்தே வந்தார்.

1990இல் பொருளாதாரத் தடை வந்து எரிபொருள் அரிதானபோது வண்டில்களுக்கு மறுபடி மதிப்பு வந்தது. எங்கள் மாடுகளோ அதற்கு முன்பே விலைப்பட்டுவிட்டன. வண்டில் கோடிப்புறத்தில் கிடந்தது.

1995 ஒக்டோபர் 30 மாலை, வலிகாமத்தை விட்டு வெளியேறுமாறு புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். ஐயா ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டிற் கூடாரத்தைக் கழற்றி, அயலவரின் லாண்ட்மாஸ்டர் பெட்டியின்மேல் வைத்துக் கட்டினார். கிடுகு உக்கிப்போயிருந்ததால் படங்கு விரித்தோம். செம்மணி வெளியில் அடிக்கு அடி நின்று நின்று, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. மட்டுவிலில் ஒரு தென்னங்காணியில் அந்தப் பெட்டிக்குள்ளும் அதன் கீழுமாக இரண்டு குடும்பங்கள் பல வாரங்கள் வாழ்ந்தோம்.

அப்போது நான் இளம் நிருபன். எத்தனை பேர் வந்தனர், எங்கே தங்கினர் என்றெல்லாம் எழுதினேன். எங்கள் கூடாரத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. சொந்தக் கதை செய்தியாகாது என்று நம்பியிருந்த வயது அது.

1996இல் திரும்பியபோது கோடிப்புறத்தில் துலாவும் அச்சும் மட்டுமே கிடந்தன. சில்லுகள் யாருடைய அடுப்பில் எரிந்தனவோ. மட்டுவிலிலிருந்து தோளில் சுமந்துவந்த சலாகைக் கூட்டை ஐயா சிறிது நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கோழிக்கூட்டின்மேல் கவிழ்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.