எண்ணப்படாதோர் எண்ணப்பட்ட வரலாறு



மக்களின் நலம் பேண விரும்பும் அரசு, முதற்கண் அவர்கள் அனைவரையும் எண்ணக் கற்றல் வேண்டும். கணக்கில் இடம்பெறாதவனுக்கு மருந்தில் மட்டும் எங்ஙனம் இடம் கிடைக்கும்? இவ்வுண்மையைத் தென்னாபிரிக்காவின் அண்மை வரலாறு நன்கு விளக்குகின்றது.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் அந்நாட்டிற் சுகாதாரத் துறை ஒன்றன்று, 14 இருந்தன. வெள்ளையர்க்கு ஒன்று, கலப்பினத்தார்க்கு ஒன்று, இந்தியர்க்கு ஒன்று. கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த 10 தனிநிலங்களுக்குப் பத்து. இவற்றோடு மத்திய அரசின் துறை ஒன்று. கணக்குகளும் அவ்வாறே சிதறிக் கிடந்தன. அருகருகே வாழ்ந்த குழந்தைகளுள் எவர்க்குத் தடுப்பூசி எட்டவில்லை என ஒப்பிட்டறிதல் அரிதாயிற்று. ஏற்றத்தாழ்வு இருந்தது, அதனை முழுமையாகக் காட்டும் ஏடு இருக்கவில்லை.

1994 ஆம் ஆண்டிலே அனைத்தின மக்களும் வாக்களித்து, நெல்சன் மண்டேலா தலைமையில் ஆட்சி அமைந்தது. அதனையடுத்து, கேப்டவுன் நகரில் அந்நாட்டு ஆய்வாளரும் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தாரும் ஒரு பணியில் இணைந்தனர். நீண்ட படிவங்களைக் குறைத்து, இன்றியமையாத சில எண்களை மட்டும் தெரிந்து, அவற்றைத் தொகுக்க ஒரு கணினி மென்பொருளை ஆக்கினர். மேலிடத்துக்கு அனுப்புவதற்கென்றே எழுதப்பட்ட கணக்கு, எழுதிய தாதிக்கும் தன் நிலையத்தின் குறையைக் காட்டும் கண்ணாடியாதல் வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

அம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். அதன் இணையவழி வடிவம் 2006 இல் கேரளத்தில் முதன்முதற் பயன்பட்டது. இன்று 70 இற்கும் மேற்பட்ட நாடுகளில் வழங்குகின்றது. 2020 சனவரியில், கொவிட் நோய் பரவத் தொடங்கிய வேளை, வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய பயணிகளைப் பதிந்து கண்காணிக்கும் முறையொன்றை நம் இலங்கை வல்லுநர் இதனைக்கொண்டே விரைந்து அமைத்தனர். பிற நாடுகள் பலவும் அதனை எடுத்தாண்டன.

எனினும், எண் நோயைத் தீர்ப்பதில்லை. தீர்க்க வேண்டிய இடத்தைச் சுட்டுவதே அதன் தொழில். மின்சாரமும் தொலைபேசியும் எட்டாத குடிசைகள், கணினியின் கணக்கிலும் விடுபடக்கூடும். ஆகவே, எந்த அட்டவணையைக் கண்டாலும், 'இதில் இல்லாதோர் யாவர்?' என வினவுதல் நம் கடன். அவ்வினா ஓயுமிடத்தில், பழைய ஏற்றத்தாழ்வு புதிய கருவியினுள்ளும் குடிபுகும்.