கடை விலையும் கைமாறும் விலையும்

போன ஜூன் மாதம் ஒரு பேனாவை விற்கப் போனேன். வாழ்க்கையில் நான் விற்கப் போன முதல் பொருள் அதுதான் (பழைய பேப்பரைக் கணக்கில் சேர்க்கவில்லை).

நான் ப்ளஸ் டூ பாஸ் செய்தபோது சிங்கப்பூர் மாமா கொடுத்த பரிசு அது. ஐரோப்பிய கம்பெனி, தங்க நிப், நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். பெட்டிக்கு அடியில் இருந்த பில்லை எடுக்க மாமா மறந்துவிட்டார். நம்மூர் பணத்தில் ஏறக்குறைய 38,000 ரூபாய்! என்னுடைய ஒரு செமஸ்டர் ஃபீஸ் அதைவிடக் கொஞ்சம் கம்மி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு மாதமாகச் சரியான ஆர்டர் இல்லை. ஃபீஸ் கட்டக் கடைசி தேதி நெருங்கியது. வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானேதான் "பேனாவை வித்துடலாம்ப்பா" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

பேனா சேகரிக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர். லென்ஸ் வைத்து நிப்பைப் பார்த்தார், இங்க் நிரப்பி நாலு வரி எழுதினார், பெட்டியையும் பில்லையும் புரட்டினார். பிறகு "பதினஞ்சாயிரம் தரலாம்" என்றார்.

"புதுசு சார், நாலு பக்கம்கூட எழுதலை" என்றேன்.

"கடையை விட்டு வெளியே வந்துட்டா எதுவுமே புதுசு இல்லை தம்பி" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரே கேள்வி. மீதி 23,000 ரூபாய் எங்கே போனது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. நம்மூர்ப் பேனாக்களுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கும் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை.

செய்கூலி, சேதாரம்

முதலில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "நகையை விக்கப் போனா செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருமா?"

வராதுதான். ஆனால் நகையில் தங்கமாவது திரும்பி வரும். பேனாவில் அதுவும் பெரிதாகத் தேறாது. என் பேனாவின் நிப்பில் 585 என்று பொறித்திருக்கிறது. அதாவது 14 காரட், ஆயிரத்தில் 585 பங்கு தங்கம். ஒரு பெரிய நிப்பே இரண்டு கிராம்கூட எடை இருக்காது. பேப்பரில் படும் நுனியோ தங்கமே இல்லை. தங்கம் மெதுவானது, தேய்ந்துவிடும். அதனால் வேறு ஒரு கடினமான உலோகக் கலவையை அங்கே பற்றவைக்கிறார்கள்.

ஆக, 38,000 ரூபாயில் தங்கம் ஒரு சிறு பகுதி. மிச்சம் பிளாஸ்டிக், வேலைக்கூலி, வரி, விளம்பரம், கடை வாடகை, கடைக்காரர் லாபம், கம்பெனியின் பெயர். முதல் ஆள் இவை எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்கிறார். இரண்டாவது ஆள் பேனாவுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்.

சரி, இது எப்போதுமே இப்படித்தானா? இல்லை என்பதுதான் சுவாரசியம்.

தாத்தாவின் 51

எங்கள் தாத்தா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தவர். அவரிடம் ஒரு பார்க்கர் 51 உண்டு. 1974-ல், கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கியது. அதற்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி கொடுத்தாராம். பாட்டி இரண்டு நாள் பேசவில்லையாம்!

பார்க்கர் 51 அமெரிக்காவில் 1941-ல் விற்பனைக்கு வந்தது. நிப் முழுக்க மூடியிருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அன்றைய விளம்பர விலை 12.50 டாலர். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. 1972-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். இவ்வளவு தாராளமாகக் கிடைத்த ஒரு பேனாவுக்குத் தாத்தா ஏன் அரை மாதச் சம்பளம் கொடுத்தார்?

காரணம் டில்லியில் இருந்தது. 1956-57-ல் இந்தியாவுக்குக் கடுமையான அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. இயந்திரம் வாங்கவே டாலர் பற்றாத நாட்டில் பேனாவுக்கு எங்கே டாலர்? நுகர்வுப் பொருள் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. அதற்கப்புறம் வெளிநாட்டுப் பேனா வேண்டுமென்றால் கப்பலில் வருபவர், சிங்கப்பூர் சொந்தக்காரர், இல்லையென்றால் பர்மா பஜார்.

பர்மா பஜாருக்கும் ஒரு கதை உண்டு. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் சென்னைக்குத் திரும்பினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே உருவானதுதான் அந்தக் கடைவரிசை. டிரான்சிஸ்டர், சென்ட், கைக்கடிகாரம், பேனா என்று ஃபாரின் சாமான் என்றாலே அந்த இடம் என்று ஆனது.

தாத்தா இதைத் தன் பாணியில் சொல்வார்: "கடையில கிடைக்காத பொருளுக்கு, கையில வச்சிருக்கிறவன் சொல்றதுதான்டா விலை." நான் படித்த அத்தனை பக்கங்களும் கடைசியில் இந்த ஒரு வரியில்தான் வந்து நின்றன. கடைக் கதவு மூடியிருந்தால் கைமாறும் விலை ஏறும். கதவு திறந்தால் இறங்கும்.

கதவு திறந்தது

1991-ல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. நுகர்வுப் பொருள்களுக்கான இறக்குமதிக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து, மீதமிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீங்கின. அதற்குள் பால்பாயின்ட் பேனா எல்லார் சட்டைப் பையிலும் ஏறிவிட்டது. பார்க்கர் என்ற பெயரிலேயே இந்தியாவில் தயாரான பேனாக்கள் தெருமுனைக் கடைக்கு வந்தன. தாத்தாவின் 51-ஐப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் இப்போது அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இன்று அமெரிக்காவில் நல்ல நிலையில் உள்ள ஒரு சாதாரண 51 நூறு டாலர் அக்கம்பக்கத்தில் கிடைக்கிறது. ஆஹா, 12.50 நூறாகிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால் 1941-ன் 12.50 டாலர் இன்றைக்கு 250 டாலருக்கும் மேல். எண்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தும் நஷ்டம்தான். ஏனென்றால் செய்தது அத்தனை பேனா. பழசு என்பது வேறு, அபூர்வம் என்பது வேறு.

பேனா நகையான கதை

எழுதுவதற்கு மைப்பேனா தேவையில்லை என்று ஆனபிறகு பேனா கம்பெனிகள் என்ன செய்தன? சில மூடின. சில நகைக்கடை ஆயின.

ஜெர்மனியின் மான்ட்பிளாங்க் நல்ல உதாரணம். அவர்களின் புகழ்பெற்ற மைஸ்டர்ஸ்டுக் வரிசை 1924-ல் வந்தது. ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கம்பெனி மலிவான பேனாக்களையும் செய்துகொண்டிருந்தது. 1977-ல் டன்ஹில் நிறுவனத்தின் கைக்குப் போனபிறகு, மலிவு வகைகள் நின்று ஆடம்பரம் மட்டும் மிஞ்சியது. 1992-ல் லொரென்சோ டி மெடிச்சி பெயரில் 4,810 பேனாக்கள் மட்டும் செய்தார்கள். 4,810 என்பது மான்ட்பிளாங்க் மலையின் மீட்டர் உயரம்! அந்தப் பேனா இன்று அன்றைய கடை விலையைவிட மேலே போகிறது. இனி கிடைக்காது, வேண்டுபவர்களும் நிறையப் பேர். கதவை இந்த முறை அரசாங்கம் மூடவில்லை, கம்பெனியே மூடியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அதே கம்பெனியின் 149 என்ற வழக்கமான பெரிய பேனா கடையில் ஆயிரம் டாலருக்கு மேல். பயன்படுத்தியது பெரும்பாலும் அதில் பாதி அளவுக்குத்தான் போகிறது. எந்தக் கடையில் கேட்டாலும் புதுசு கிடைக்கும்போது பழையதை யார் அதே விலைக்கு வாங்குவார்கள்?

இந்த ஆட்டத்தின் உச்சம் நம் நாட்டிலேயே நடந்தது. 2009 காந்தி ஜெயந்திக்கு முன்பு மான்ட்பிளாங்க் ஒரு காந்தி பேனாவை வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைல்களுக்காக 241 பேனாக்கள். ஒன்றின் விலை சுமார் 11.39 லட்சம் ரூபாய். தங்க நிப்பில் தடியூன்றி நடக்கும் காந்தி! கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தேசச் சின்னங்களையும் பெயர்களையும் வியாபாரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டம் பேசப்பட்டது. 2010 தொடக்கத்தில் இந்தியாவில் விற்பனை நிறுத்தப்பட்டது.

இதே காந்தி 1935-ல், ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் செய்துகொடுத்த சுதேசிப் பேனாவைப் பாராட்டிக் கடிதம் எழுதியவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

நம்ம லைனில் ஒரு பேனா

ஆவடியில் மேற்கே போகும் லோக்கல் வண்டி ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருவள்ளூர். எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனா அந்த ஊர்தான். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான எபோனைட்டை லேத்தில் கையால் கடைந்து செய்கிறார்கள். விளம்பரப் பலகை இல்லை, நகைப்பெட்டி இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்து வாங்குகிறார்கள்.

பாரிமுனை பக்கம் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில், 1920-களில் தொடங்கிய ஜெம் அண்ட் கோ இன்னொரு உதாரணம். கலைஞர் கருணாநிதி விரும்பி எழுதிய வாலிட்டி பேனா அங்கிருந்துதான் போகும் என்று படித்தேன். அது சாதாரண விலைப் பேனா. அவர் எழுதிய பேனா ஒன்றை விற்பனைக்கு வைத்தால் கடை விலையா கேட்பார்கள்? சில பேனாக்களுக்கு விலை வைப்பது கம்பெனி கிடையாது, எழுதிய கை.

ரங்கா பேனாவின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மரை நல்லா வெட்டியிருக்கான். இந்தக் கடைசலுக்கு என்ன கூலின்னு எனக்குத் தெரியும், இந்த விலை நியாயம்தான்" என்றார். பிறகு என் பேனாவைக் கையில் எடுத்து, மூடியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்ல வேலைதான்டா. ஆனா முப்பத்தெட்டாயிரத்துக்கு வேலை இல்லை" என்றார்.

என் 23,000 ரூபாய்க் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பணத்தை யாரும் என்னிடமிருந்து திருடவில்லை. மாமா கடையில் கொடுத்த அன்றே அது போய்விட்டது. கொஞ்சம் சேகரிப்பாளரின் லாபம். அவரும் அந்தப் பேனாவை இருபதாயிரத்துச் சொச்சத்துக்குத்தான் விற்க முடியும், அதுவும் ஆள் வரும்வரை பணத்தை முடக்கி வைத்துக்கொண்டு. அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

மறுவாரம் போய் விற்றுவிட்டேன். பேரம் பேசியதில் 16,000. மீதியை அப்பா எங்கேயோ புரட்டினார், ஃபீஸ் கட்டியாயிற்று. மாமாவுக்குப் போன் செய்து நானே சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். "எழுதவாவது எழுதினியா?" என்று கேட்டார். நாலு பக்கம்கூட எழுதவில்லை என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. விலை குறைந்துவிடுமோ என்று பயந்து பெட்டியிலேயே வைத்திருந்தேன். எப்படியும் அது முதல் நாளே குறைந்துவிட்டது என்று அப்போது தெரியாது.

தாத்தாவின் 51 இப்போது என்னிடம் இருக்கிறது. விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. போன செமஸ்டர் பரீட்சை முழுக்க அதில்தான் எழுதினேன்.