பிலடெல்பியாவின் பெண்கள் - 7: செயலாளர் ரெபெக்கா

1838 மார்ச் 4. ஹீப்ரு ஞாயிறு பள்ளி திறக்கப்பட்ட அந்த நாளுக்கு இந்த வாரம் வந்துவிடலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஆனால், பள்ளியைத் தொடங்கிய ரெபெக்கா கிராட்ஸைப் பற்றி உலவும் ஒரு கதையைத் தீர்த்து வைக்காமல் மேலே போக மனம் ஒப்பவில்லை.

வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவலில் வரும் யூதப் பெண் ரெபெக்கா, இவரை வைத்தே படைக்கப்பட்டவள் என்பது அந்தக் கதை. எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்குக்கு நிச்சயிக்கப்பட்டு, 1809-ல் காசநோயில் இறந்துபோன மட்டில்டா ஹாஃப்மனின் குடும்பத்துக்கு நம் ரெபெக்கா நெருக்கமானவர். 1817-ல் இர்விங் ஸ்காட்லாந்து சென்று ஸ்காட்டின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினார். அப்போது அவர் ரெபெக்காவைப் பற்றிச் சொன்னாராம், ஸ்காட் மனதில் பதிந்துவிட்டதாம். கேட்க இனிக்கிறது. ஆனால் உறுதியான சான்று ஒன்றுகூட இல்லை. 1820-ல் ரெபெக்கா தன் தம்பி மனைவி மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், நாவலைப் படித்துவிட்டு என் பெயர்க்காரியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

இத்துடன் காதல் கதை ஒன்றையும் ஒட்டவைத்தார்கள். கிறிஸ்தவர் ஒருவரை விரும்பி, மதத்துக்காக அவரைத் துறந்தாராம். ஓவியர் தாமஸ் சல்லி தீட்டிய ரெபெக்காவின் உருவப்படத்தின் அழகு அதற்குத் தூபம் போட்டது. மணமாகாத பெண் என்றால் பின்னால் காதல் தோல்வியைத் தேடுவது எல்லா ஊருக்கும் உள்ள வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நாவலின் முடிவைப் பாருங்கள். நாயகன் ஐவன்ஹோ, ரொவீனா என்ற வேறொருத்தியை மணக்கிறான். ரெபெக்கா இங்கிலாந்தை விட்டே போகிறாள். நோயாளிகளைப் பேணி, பசித்தவர்க்குச் சோறிடுவதே இனி தன் வாழ்க்கை என்கிறாள். புத்தகம் அங்கே முடிகிறது. நம் ரெபெக்கா அந்த வழியில் நடக்கத் தொடங்கி, நாவல் வந்தபோதே 18 ஆண்டுகள் ஆகியிருந்தன!

1801-ல், 20 வயதில், யூத, கிறிஸ்தவப் பெண்களுடன் சேர்ந்து, நொடித்துப்போன குடும்பங்களின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ ஒரு சங்கம் கண்டவர் அவர். 1815-ல் அனாதை இல்லம். 1819-ல் மிக்வே இஸ்ரேல் என்ற யூத வழிபாட்டுச் சபையின் பெண்களைத் திரட்டி ஹீப்ரு மகளிர் உதவிச் சங்கம். நாவல் அச்சேறியதும் அதே 1819-ல்தான்.

தனிச் சங்கம் எதற்கு? அன்று ஏழை யூதர் வீட்டுக்கு உதவ வந்த சிலர் ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் மதப் பிரசுரமுமாக வந்தார்கள். பசித்தவரிடம் மதமாற்றம் பேசுவது அறமே அல்ல. ரெபெக்கா அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. தம் மக்கள் அந்த வாசலில் போய் நிற்கத் தேவையில்லாதபடி செய்தார். கிறிஸ்தவத் தோழிகளோடு நடத்திய அனாதை இல்லத்தின் செயலாளர் பொறுப்பையும் பல பத்தாண்டுகள் விடவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் என்னை அவர் பக்கம் இழுத்தது.

ஹீப்ரு மகளிர் சங்கத்தில் நகரைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தார்கள். அவர் வீடு வீடாகப் போய் நிலைமையை நேரில் பார்ப்பார். உணவு, உடை, தங்க இடம், குளிர்காலத்துக்கு எரிபொருள் என்று தேவைக்கேற்ப உதவி போகும். இதற்கிடையே 1823-ல் சகோதரி ரேச்சல் இறந்துபோக, அவருடைய பிள்ளைகளையும் ரெபெக்காவே வளர்த்தார்.

பள்ளியின் முழுக்கதை அடுத்த வாரம். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். தொடக்கத்தில் யூதக் குழந்தைகளுக்கென்று பாடநூல் இல்லை. கிறிஸ்தவ ஞாயிறு பள்ளிப் புத்தகங்களையே வாங்கி, ஒவ்வாத விடைகளின் மேல் துண்டுக் காகிதம் ஒட்டிப் பாடம் நடத்தினார்கள்.

ரெபெக்கா 1869-ல், 88 வயதில் காலமானார். 1819-ல் அவர் தொடங்கிய சங்கம் இரு நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் பிலடெல்பியாவில் உதவி செய்துகொண்டிருக்கிறது. அவரை நினைவுகூர அது போதும். ஸ்காட்டின் நாவல் தேவையில்லை.